கோட்டுக்கு மேலே

“இன்னும் கொஞ்சம் குடுங்கண்ணா” என்று வண்டிக்குப் பின்னாலிருந்து வின்சென்ட் கத்தினான்.

பாக்கியராஜ் ஆக்சிலேட்டரை அழுத்தினார். நீளமான பானெட்டுக்கு அடியில் எஞ்சின் உறுமியது. ஷெட்டின் தகரக் கூரை அதிர, சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு இரைச்சலுக்கும் பின்சக்கரங்கள் வேண்டாவெறுப்பாகத்தான் சுற்றின. வின்சென்ட் குனிந்து ஒரு டயரை உள்ளங்கையால் பிடித்தான். சக்கரம் நின்றுவிட்டது. கையை எடுத்ததும் மறுபடி சுற்றியது.

“போதும், ஆஃப் பண்ணுங்க.”

சத்தம் அடங்கியதும் சந்தில் காய்கறி வண்டிக்காரர் கூவுவது கேட்டது. வின்சென்ட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தான். “எஞ்சின் ராஜா மாதிரி இர்க்குதுண்ணா. அதோட பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரல. நடுவுல கியர் பாக்ஸ்லதான் இன்னாவோ ஆயிருக்குது.”

“சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுமா?”

வின்சென்ட் பல்லிடுக்கில் காற்றை இழுத்தான். அவனுக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஆட்டோ, மாருதி, அம்பாசடர் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டுவிடுவான். கிளட்ச் பெடலே இல்லாமல் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பழைய அமெரிக்கப் பெட்டி ஒன்றை அவன் இதுவரை திறந்து பார்த்ததில்லை.

பெங்களூர் விவேக் நகரில் குழந்தை ஏசு கோயிலுக்குப் பின்னால், லாரி நுழைய முடியாத சந்தின் கடைசியில் இருந்தது அவனுடைய ஷெட். காலையில் இந்தக் கார் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து உள்ளே வந்தபோது, சந்துக்காரர்கள் தங்கள் ஸ்கூட்டர்களையெல்லாம் எடுத்து வழிவிட்டு, வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெளிர் பச்சை உடம்பு, இரண்டு பக்கமும் வெள்ளிப் பட்டை, சோபா மாதிரி முன் சீட்டு. கார் கம்பெனியின் பெயரைச் சொன்னால் பழைய கார் பித்தர்கள் வாயைப் பிளப்பார்கள். சந்துக்காரர்களுக்கு எந்த வண்டியும் ‘காடி’தான்; இது ‘அமெரிக்கா காடி’, அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நகரத்தில் பழைய கார்களின் ஊர்வலம். அதில் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகப்போவதாக முதலாளி அஷ்வத் நண்பர்கள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. பாக்கியராஜுக்கு வெள்ளை உடுப்பும் தொப்பியும் தைத்துக்கூட வந்துவிட்டன. அவர் தொப்பியைப் போட்டு நின்றதைப் பார்த்து மகள் சங்கமித்ரா சிரித்த சிரிப்பில் ஒக்கலிபுரத்து வாடகை வீட்டின் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தொப்பி தலையில் இருக்கிறவரை வேலையும் இருக்கும் என்று ஒரு தைரியம்.

அந்தத் தைரியம் அவருக்கு ரொம்ப நாளாக இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடி, அப்பா வீட்டில் உட்கார்ந்த பிறகு பெங்களூருக்கு ரயில் ஏறியவர் பாக்கியராஜ். அஷ்வத்தின் அப்பாவிடம் டிரைவராகச் சேர்ந்து, அவர் கண்ணை மூடுகிறவரை அவருக்கே ஓட்டினார். பெரியவர் போன பின் அந்த வீட்டில் டிரைவருக்கு வேலை இல்லை. அஷ்வத் தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொள்கிறவன். வீட்டில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ், பாக்கியராஜிடம் தமிழ் என்று எல்லாரிடமும் நல்லபடியாகப் பேசுகிறவன். அவரைப் போகச் சொல்ல வாய் வராமல் வைத்திருந்தான். பாக்கியராஜ் காலையில் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கூரியர் வாங்கி வைத்து, சாயங்காலம் வீட்டுக்குப் போனார். வேலை செய்து களைத்தால் உடம்பு வலிக்கும். வேலை இல்லாமல் சம்பளம் வாங்கினால் ஒவ்வொரு மாதமும் இதுதான் கடைசியோ என்று தோன்றும். வயது ஐம்பதைத் தாண்டி, ஒரு கண்ணில் ஆபரேஷனும் ஆன ஆளுக்கு வாடகைக் கார் கம்பெனிகள் வண்டி தருவதில்லை. அவர் கேட்டுப் பார்த்துவிட்டார்.

அப்போதுதான் அஷ்வத் இந்தக் காரை வாங்கினான். குக் டவுனில் மௌரீன் என்ற ஆங்கிலோ இந்திய அம்மாளின் வீட்டில் இருந்தது. கணவர் இறந்துவிட்டதால், மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். வாங்கி வந்த அன்று அஷ்வத் சாவியைப் பாக்கியராஜின் உள்ளங்கையில் வைத்து, “இனிமே இது உங்க பொறுப்பு பாக்கியண்ணா. உங்களை மாதிரி யாரு பாத்துக்குவாங்க?” என்றான். அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். சந்தோஷம் அப்படி.

குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டார். இப்போது அது ஜாக்கி மேல் நிற்கிறது.

“அன்னிக்கு நீ வந்து பாத்தப்ப சரியாயிடும்னியே” என்றார் இறங்கி வந்து.

“சரியாயிடும்னுதான் நெனச்சேன். ஓட்டறதுக்கு லீவர டி-ல போட்டா ஒடனே எடுக்கல, கொஞ்சம் யோசிச்சு யோசிச்சு எடுக்குதுன்னீங்க. கியர் லீவர்ல இருந்து பெட்டிக்குப் போற ராடு லூசா இருந்துச்சு, டைட் பண்ணேன். ஒழுகல் இருக்குதான்னு பாத்தேன், இல்ல. ஆயிலும் ஃபுல்லா இருந்துச்சு. வேற இன்னா பாக்கறது?” வின்சென்ட் வண்டிக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கினான். “இன்னிக்கு ஆயில எறக்கிப் பாத்துடலாம். லைட்டு பிடிங்க.”

பாக்கியராஜ் விளக்கைப் பிடித்தார். வின்சென்ட் கியர் பாக்ஸின் அடித்தட்டைக் கழற்ற, எண்ணெய் கீழே வைத்திருந்த பேசினில் விழுந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் டிகாஷன் மாதிரி இருந்தது. அடிபிடித்த சட்டியின் வாசனை ஷெட் முழுக்கப் பரவியது. வின்சென்ட் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். கறுப்புத் துகள்கள் ஒட்டின.

“கருகிடுச்சுண்ணா. அத விடுங்க, பேசின்ல பாருங்க, இது பாதிதான் இருக்கும். இவ்ளோ பெரிய பெட்டிக்கு இது பத்தவே பத்தாது. ஒழுகலும் இல்ல. மீதி எங்க போச்சு?”

பாக்கியராஜின் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. “எங்கயும் போகல. எங்கிட்டதான் இருக்குது. இரு.”

டிக்கியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு தண்ணீர் பாட்டில்களை எடுத்து வந்தார். இரண்டிலும் கழுத்துவரை சிவப்பு எண்ணெய், கண்ணாடி மாதிரி சுத்தமாக. சங்கமித்ரா வேலை பார்க்கும் மருந்துக்கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சும், அதன் முனையில் செருகிய மெல்லிய டியூபும் பக்கத்திலேயே இருந்தன.

“முந்தின ஆளு அளவு தெரியாம ஊத்தி வெச்சிருந்தான் போல. தெனம் காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எஞ்சின் ஆயில் பாக்கறப்ப, இதையும் பாப்பேன். அளவு பாக்கற கம்பியில மொதல்ல கோட்டுக்கு மேல ஒரு விரக்கட நின்னுச்சு. கோட்டுக்கு மேல ஒரு சொட்டு இருந்தாலும் சீல் பிதுங்கிடும்னு பெரியவரு சொல்லுவாரு. அதான் டியூபை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, கோட்டுக்குச் சரியா கொண்டாந்துட்டேன். வீணாக்கல பாரு.”

வின்சென்ட் பாட்டில்களைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். அவனும் அன்றைக்கு எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கம்பியை உருவிப் பார்த்தான். கோட்டில் சரியாக நின்றிருந்தது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும் என்பது இருவருக்கும் கை பழகிய நாளிலிருந்து தெரிந்த பாடம். இத்தனை காலம் அது அவர்களைக் கைவிட்டதில்லை.

ஆனாலும் ஏதோ இடித்தது. துபாயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்த ரகு என்பவனுக்கு வின்சென்ட் போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான். கேட்டுக்கொண்டே இருந்தவன் குழிச் சுவரில் மெல்லச் சாய்ந்தான்.

“இன்னா சொல்றான்?”

“இந்த ஆயில எஞ்சின் ஓடிக்கினு இருக்கும்போதுதான் பாக்கணுமாம். அதுவும் நல்லா சூடானப்புறம். எஞ்சின நிறுத்திட்டா உள்ள மேல இருக்கற எண்ணெய் எல்லாம் கீழ எறங்கிடுமாம். அதனால கம்பியில ஜாஸ்தியாத்தான் காட்டுமாம்.”

பாக்கியராஜ் உடனே நம்பவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அடித்தட்டைத் திரும்ப மாட்டி, அவருடைய பாட்டில்களையும் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையிலிருந்து வரவழைத்த புது டின்னையும் ஊற்றினார்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது கம்பியை உருவிக் காட்டினான் வின்சென்ட்: கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை, அவர் முதலில் பார்த்த அதே உயரம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சூடேறும்வரை காத்திருந்து, லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, மறுபடி உருவினான். எண்ணெய் சரியாகக் கோட்டில் நின்றது. ஒரே கம்பி, ஒரே எண்ணெய்.

பாக்கியராஜ் கம்பியை வாங்கித் துடைத்து, தானே விட்டு, தானே உருவினார். இரண்டாம் தடவையும் அப்படியே செய்தார். பிறகு கம்பியை வின்சென்டிடம் கொடுத்துவிட்டு, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தார்.

“சும்மா உட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார்.

டி-ல் போட்டுப் பார்த்தார்கள். சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றியது. வின்சென்ட் பிடித்தான். இம்முறை இரண்டு கையும் தேவைப்பட்டது, ஆனாலும் நின்றுவிட்டது. உள்ளே ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டிய தட்டுகள் எண்ணெய் பற்றாமல் தேய்ந்து கருகிவிட்டன. இனிப் பெட்டியைக் கழற்றி, எங்கிருந்தாவது தட்டுகளை வரவழைத்து, தெரிந்தவன் கையில் கொடுத்தால்தான் உண்டு.

வின்சென்ட் இரண்டு டீ வாங்கி வந்தான். அவர் குடிக்கவில்லை. தங்கவயலில் ஒரே லைன் வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதவாக வளர்ந்தவர்கள் இருவரும். வின்சென்டுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பாக்கியராஜ். அவர் முகம் இப்படிச் சுருங்கி அவன் பார்த்ததில்லை.

“நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க” என்றான். “கியர் பாக்ஸுக்கு வயசாயிடுச்சு. எத்தினி வருசத்து சாமான்! தானாப் போச்சுன்னு நான் சொல்லிடறேன். பாட்டில்ல இருந்தத ஊத்தியாச்சு. யாருக்கும் தெரியாது.”

“பொய்யில்ல அது?”

“நானுந்தான் தப்பாப் பாத்தேன். நான் அன்னிக்கே கண்டுபிடிச்சிருந்தா இவ்ளோ ஆயிருக்காது. எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்னு வெச்சிக்குங்களேன்.”

பாக்கியராஜ் டீ கிளாஸின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். வேலை போனால் வீட்டில் என்னவென்று சொல்வது என்றுதான் மனம் ஓடியது. மருந்துக்கடையில் சங்கமித்ரா கால் கடுக்க நின்று சம்பாதிப்பதில் மட்டும் குடும்பம் ஓடாது. கடைசியில் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு அவருக்கே அவமானமாக இருந்தது.

அஷ்வத் மத்தியானத்துக்கு மேல் வந்தான். தன் வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, சந்தில் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தான்.

“ஏனாய்த்து, என்னாச்சு? ரெடியா?”

வின்சென்ட் சொன்னான். கியர் பாக்ஸ் உள்ளே தேய்ந்து போயிருக்கிறது, பழைய சாமான், இப்போதைக்கு ஓடாது. சொல்லும்போது அவன் பாக்கியராஜ் பக்கம் திரும்பவே இல்லை.

அஷ்வத்தின் முகம் வாடியது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பொம்மை உடைந்த பிள்ளை மாதிரி பானெட்டைத் தடவினான். “நாளைக்கு எல்லாரும் வராங்க. நான் என்ன சொல்றது?” பிறகு முகம் இறுகியது. “அப்போ அந்தம்மா ஏமாத்திட்டாங்க. கியர் பாக்ஸ் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்லித்தானே வித்தாங்க? ஊரை விட்டுப் போறோம், இனிமே யாரு கேப்பாங்கன்னு தள்ளி விட்டுட்டாங்க.”

பாக்கியராஜ் நிமிர்ந்து பார்த்தார். இப்படித் திரும்பும் என்று அவரும் நினைக்கவில்லை, வின்சென்டும் நினைக்கவில்லை.

அஷ்வத் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு பானெட் மேல் வைத்தான். இரண்டு பேரும் கேட்கட்டும், சாட்சியாக இருக்கட்டும் என்றான்.

“யாரு, தம்பியா?” என்றது வயதான பெண்குரல். கன்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் தமிழ். “காடி எப்படி இருக்கு? நாளைக்கு பரேடுல பாக்கலாம்னு இருக்கேன். சேர் போட்டு ஒக்காந்துக்குவேன்.”

“காடி ஓடல ஆன்ட்டி. கியர் பாக்ஸ் அவுட். மெக்கானிக் சொல்றாரு, உள்ள எப்பவோ போயிடுச்சாம். தெரிஞ்சேதானே எனக்கு வித்தீங்க?”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“என்ன பேசறீங்க தம்பி? என் வீட்டுக்காரரு கடைசி வரைக்கும் ஓட்டினாரு. சர்ச்சுக்கு அதுலதான் போவோம். நான் பொய் சொல்லி விக்கணுமா, இந்த வயசுல?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. காடியைத் திரும்ப எடுத்துக்குங்க. இல்லைன்னா வக்கீல் லெட்டர் வரும். நீங்க ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே வரும்.”

“என் பொண்ணு ஜூலியா டிக்கெட் போட்டுட்டாளே தம்பி…” குரல் உடைந்தது. “வீட்டை எல்லாம் காலி பண்ணிட்டேன். காடியை எங்க வெப்பேன்? சத்தியமா நல்லாத்தான் இருந்தது. குருசு மேல ஆணையா சொல்றேன்.”

பாக்கியராஜ் அந்த அம்மாளை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் கேட்டுக்கு வெளியிலிருந்து. கார் கிளம்பும்போது பின்பக்கக் கண்ணாடியைத் தோளில் கிடந்த துப்பட்டாவால் துடைத்துவிட்டுக் கையசைத்தார். அவ்வளவுதான் பழக்கம். ஆனால் அழுகிற குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியவில்லை. வின்சென்ட் கண்ணால் ஜாடை காட்டினான். அவர் பார்த்தும் பார்க்காதவர் போல பானெட் அருகில் போனார்.

“அம்மா, காடி நல்லாத்தாம்மா இருந்துச்சு. நீங்க அழாதீங்க. தப்பு எம்மேல. தெனம் காலைல கியர் பாக்ஸ் ஆயில் பாத்தேன். ஜாஸ்தியா இருக்குதுன்னு நெனச்சு நான்தான் எடுத்துட்டேன். அதுல கருகிடுச்சு.”

அஷ்வத் அவரை வெறித்தான். போனிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

“எஞ்சின நிறுத்திட்டுப் பாத்தீங்களா?”

“ஆமாம்மா.”

“ஐயோ, கர்த்தரே! யாரு, டிரைவரா? அன்னிக்கு கேட்டாண்ட நின்னுட்டிருந்தீங்களே, அவரா?” மௌரீனின் குரலில் கோபம் இல்லை. “நான் அதுக்குத்தானே உங்களை உள்ள கூப்பிடச் சொன்னேன். என் வீட்டுக்காரரு புதுசா யாரு தொட்டாலும் இதைத்தான் மொதல்ல சொல்லிக் குடுப்பாரு, ஓடும்போதுதான் பாக்கணும்னு. டிரைவரைக் கூப்பிடுங்க, காட்டிடறேன்னேன். தம்பிதான், ‘அவரு எதுக்கு ஆன்ட்டி, நான் சொல்லிக்கறேன்’னாரு. கேக் சாப்பிட்டுட்டே சொன்னாரு. சொல்லலையா தம்பி?”

அஷ்வத்தின் காது மடல்கள் சிவந்தன. அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது பார்த்த இருவருக்கும் தெரிந்தது. அவனுக்கும் அது தெரிந்தது.

“அப்புறம் பேசறேன் ஆன்ட்டி” என்று போனை எடுத்து அணைத்தான்.

அவன் கெட்டவன் இல்லை. ஒரு வார்த்தை, ‘மறந்துட்டேன் பாக்கியண்ணா’ என்ற ஒரே வார்த்தை, அவன் வாய்வரை வந்திருக்கும். பாக்கியராஜ் அதற்காகக் காத்திருந்தார். அது மட்டும் வந்திருந்தால் அவர் மீதி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருப்பார். அஷ்வத் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது முகம் பழையபடி அமைதியாக இருந்தது.

“சரி, யார் தப்புன்னு பேசி யூஸ் இல்ல” என்றான். “ஆனா ஆயில் எடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்க.”

“வண்டி யோசிச்சு யோசிச்சு எடுக்குதுன்னு சொன்னேன் சார். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்னீங்க.”

“அது வேற, இது வேற பாக்கியண்ணா.”

கொஞ்சம் தள்ளிப் போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். ஊர்வலத்தில் ஓடாவிட்டால் என்ன, மைதானத்தில் நிறுத்தி வைக்கலாம், படம் எடுக்கிறவர்களுக்கு அதுபோதும் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லிவிட்டார்களாம். வண்டி ஏற்றிப்போகும் லாரி சாயங்காலம் மெயின் ரோட்டுக்கு வரும். அதன் பிறகு கியர் பாக்ஸ் புனேவில் ஒருவரிடம் போகும். எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது.

“அதுவரைக்கும் நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க” என்றான். குரல் ரொம்ப மிருதுவாக இருந்தது. “அலையாதீங்க. உங்களுக்கும் கண்ணு சரியில்ல.”

“கண்ணு நல்லாத்தான் இருக்குது சார்.”

“அதுக்குச் சொல்லல. நான் போன் பண்றேன்.”

“எப்ப வரட்டும் சார்?”

“பண்றேன்னேனே.”

பிறகு, அப்போதுதான் தோன்றியது போல, “வீட்டு கேட் சாவி உங்ககிட்ட இருக்குல்ல, அதையும் குடுத்துடுங்க” என்றான்.

போன் வரும் என்றால் கேட் சாவி எதற்கு என்று வின்சென்ட் வாயைத் திறந்தான். பாக்கியராஜ் அவன் தோளில் கை வைத்தார். வளையத்திலிருந்து சாவியைப் பிரிப்பது எளிதாக இல்லை. பல வருடம் ஒரே வளையத்தில் கிடந்த சாவி; நகம் வலித்தது. ஒருவழியாகக் கழற்றிக் கொடுத்தார். அஷ்வத் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, “தேங்க்ஸ் பாக்கியண்ணா” என்றான். உண்மையாகவே சொன்னான்.

லாரி வந்தபோது வானம் மூட்டம் போட்டு இருட்டிக்கொண்டிருந்தது. சந்துக்குள் அதனால் வர முடியாது. காரை ஜாக்கியிலிருந்து இறக்கி, மெயின் ரோடு வரை கையால்தான் தள்ள வேண்டும். சந்து அந்தப் பக்கம் லேசாக ஏறும். லாரிக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். வின்சென்ட் கையைத் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் போனான்.

பாக்கியராஜ் வழக்கம்போல் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

“ஸ்டீயரிங் நான் பாத்துக்கறேன்” என்றான் அஷ்வத். பாக்கியராஜ் திறந்த கதவு வழியே ஏறி உட்கார்ந்து, லீவரை நியூட்ரலில் போட்டான். “நீங்க பின்னாடி போங்க, ஆள் கம்மியா இருக்கு.”

அவர் பின்னால் போனார். நாலு பேரும் குனிந்து கையை ஊன்றினார்கள். “தள்ளுங்க” என்ற குரல் முன்னாலிருந்து வந்தது. தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. லாரிக்காரர் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “இன்னா வெயிட்டுடா சாமி!” என்றார். மறுபடி தள்ளினார்கள். செருப்புகள் சேற்றில் வழுக்கின. பாக்கியராஜின் கழுத்து நரம்பு புடைத்தது.

“இன்னும் கொஞ்சம் பலமா” என்றான் அஷ்வத்.

பாக்கியராஜ் மூச்சு வாங்கக் குனிந்தபோது, பின்விளக்கின் மேல் ஊன்றியிருந்த தன் கை முழுக்க அந்த விளக்கின் வெளிச்சத்தில் சிவப்பாக இருப்பதைப் பார்த்தார்.

“சார், பிரேக்குல இருந்து காலை எடுங்க.”

“நான் மிதிக்கவே இல்லையே” என்றான் அஷ்வத், திரும்பிப் பார்க்காமல்.

விளக்கு அணைந்தது. வண்டி லேசாக நகர ஆரம்பித்தது. “பாத்தீங்களா, பலமாத் தள்ளினா வருது” என்றது முன்னாலிருந்து குரல். பாக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டு மற்றவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டே போனார்.